படைப்புக் கடவுள் பிரம்மா: அண்ணாமலைக் கதையும் பௌத்தச் சூத்திரங்களும்

பிரம்மா, இந்து சமய மரபில் மும்மூர்த்திகளுள் படைப்புத் தொழிலுக்கு உரியவர். நான்முகன், அயன், மலரோன், திசைமுகன் எனத் தமிழில் பல பெயர்களால் வழங்கப்படுகிறார். பௌத்த மரபிலும் அவருக்கு இடம் உண்டு. அங்கே அவர் பிரம்ம உலகின் தலைவர்; நெடிய ஆயுளும் பேரொளியும் உடையவர். ஆனால் உலகைப் படைத்தவர் அல்லர்.

இவ்விரு மரபுகளும் பலவற்றில் வேறுபடுகின்றன. ஆயினும் ஒரு கேள்வியை இரண்டுமே திரும்பத் திரும்பக் கேட்டுள்ளன. படைத்தவன் எனப்படுபவனுக்கு எல்லாம் தெரியுமா? திருவண்ணாமலையின் தலக் கதை இக்கேள்விக்கு ஒரு விடை. பாலி மொழியில் உள்ள தீக நிகாயத்தின் சில சூத்திரங்கள் மற்றொரு விடை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதும், ‘பிரம்மாவுக்குக் கோயிலே கிடையாது’ என்று பரவலாகச் சொல்லப்படும் கூற்று எவ்வளவு சரி என ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் சொல்லும்

வடமொழியில் ‘பிரம்மன்’ என்னும் சொல் அஃறிணைப் பாலில் வரும்போது எங்கும் நிறைந்த மெய்ப்பொருளைக் குறிக்கும். அதைத் தமிழில் பிரம்மம் என்கிறோம். ஆண்பாலில் வரும்போது நான்கு முகம் கொண்ட தெய்வத்தைக் குறிக்கும், அவரே பிரம்மா. மாணவர்கள் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது உண்டு. உபநிடதங்கள் தேடுவது பிரம்மத்தை. புராணங்கள் கதை சொல்வது பிரம்மாவைப் பற்றி.

அன்றாடத் தமிழில் இவர் பெயர் கலந்த சொற்கள் ஏராளம். மிகப் பெரியதைப் பிரம்மாண்டம் என்கிறோம். பிரம்மம், அண்டம் என்னும் இரு சொற்கள் சேர்ந்த அதில் ‘அண்டம்’ என்பதற்கு முட்டை என்று பொருள். பெருமுயற்சி பிரம்மப் பிரயத்தனம். விடியலுக்கு முந்திய பொழுது பிரம்ம முகூர்த்தம். ஒருவருக்கு நேர்வதெல்லாம் அவர் எழுதிய தலையெழுத்து.

வேதத்தில் படைப்போன்

நான்கு முகம் கொண்ட பிரம்மாவை ரிக் வேதத்தில் காண இயலாது. அங்கே படைப்போனுக்குப் பல பெயர்கள் உள்ளன. பத்தாம் மண்டலத்தின் 81, 82ஆம் பாடல்கள் விசுவகர்மனைப் போற்றுகின்றன. 121ஆம் பாடல் இரணியகர்ப்பன் என்னும் பொற்கருவைப் பாடி, பிரஜாபதியின் பெயரோடு முடிகிறது. 90ஆம் பாடலான புருட சூக்தம், ஒரு மாபெரும் புருடனின் உடலிலிருந்து உலகமும் நால்வகை வருணமும் தோன்றியதாகக் கூறுகிறது.

இவற்றோடு 129ஆம் பாடலையும் படிக்க வேண்டும். நாசதீய சூக்தம் என்று அது பெயர் பெற்றது. தொடக்கத்தில் இருப்பும் இல்லை, இன்மையும் இல்லை என்று தொடங்கி, இப்படைப்பு எங்கிருந்து வந்தது என்று அது கேட்கிறது. தேவர்களும் படைப்புக்குப் பின் வந்தவர்களே. எனவே அவர்களைக் கேட்டும் பயனில்லை. மேலுலகிலிருந்து இதைக் கண்காணிப்பவன் ஒருவேளை அறிவான், ஒருவேளை அவனும் அறியான் என்ற ஐயத்தோடு பாடல் முடிகிறது. படைப்புக் கடவுளின் அறிவைப் பற்றிய கேள்வி இவ்வளவு பழைமையானது.

பிற்காலத்தில் பிரஜாபதியின் இடத்தைப் பிரம்மா பெற்றார். மரீசி, அத்திரி முதலிய முனிவர்களும் தக்கனும் அவருடைய மைந்தர்களாகவும் படைப்பில் துணை நிற்பவர்களாகவும் கூறப்பட்டனர். கலைமகள் அவருடைய துணைவி; அன்னம் ஊர்தி. கைகளில் செபமாலையும் கமண்டலமும் ஏந்துவார். ஆயுதம் ஏதும் ஏந்துவதில்லை. அவருடைய ஒரு பகல் ஆயிரம் சதுர்யுகம், அதாவது 432 கோடி ஆண்டுகள். அத்தகைய பகலிரவுகளால் ஆன நூறு ஆண்டுகளே அவர் ஆயுள். எவ்வளவு நீண்டதாயினும் அதற்கு முடிவு உண்டு.

பழந்தமிழ் இலக்கியத்தில்

பத்துப்பாட்டுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில் நான்முகன் வருகிறார். கடியலூர் உருத்திரங்கண்ணனார் காஞ்சி நகரை வருணிக்கும்போது, திருமாலின் கொப்பூழிலிருந்து எழுந்து நான்முகனை ஈன்ற தாமரையின் பொகுட்டை அந்நகருக்கு உவமையாக்குகிறார்.

ஆனால் படைத்தவனை வாழ்த்தாமல் கேள்வி கேட்ட குரல்களும் பழந்தமிழில் உண்டு. புறநானூற்றின் 194ஆம் பாடலில் பக்குடுக்கை நன்கணியார் ஓர் ஊரின் இரு வீடுகளைக் காட்டுகிறார். ஒன்றில் சாப்பறை, மற்றொன்றில் மணமுழவு. இப்படி உலகைப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று அவர் நேராகவே சொல்கிறார். திருக்குறளில் இரவச்சம் அதிகாரத்தின் இரண்டாம் குறள் (1062) இன்னும் கடுமையானது. பிச்சையெடுத்துத்தான் ஒருவன் உயிர் வாழ வேண்டும் என்றால், உலகை இயற்றியவன் தானே அலைந்து கெடட்டும் என்கிறார் வள்ளுவர். இவ்விரண்டிலும் படைத்தவனின் பெயர் இல்லை. அவனுடைய செயலே விசாரணைக்கு வருகிறது.

அண்ணாமலைக் கதை

திருவண்ணாமலை, பஞ்சபூதத் தலங்களுள் நெருப்புக்கு உரியது. பிரம்மாவும் திருமாலும் தம்முள் யார் பெரியவர் என்று வாதிட்டபோது, அவர்களுக்கு நடுவே அடியும் முடியும் காணமுடியாத தீப்பிழம்பாகச் சிவன் நின்றார் என்பது தலக் கதை. திருமால் பன்றியாகி நிலத்தை அகழ்ந்து அடியைத் தேடினார். பிரம்மா அன்னமாகிப் பறந்து முடியைத் தேடினார். அந்தத் தீத்தூணே பின்னர் மலையாகக் குளிர்ந்தது என்பர். கார்த்திகை மாதம் மலையுச்சியில் ஏற்றப்படும் தீபம் இதன் நினைவு. நகரின் தெருக்களிலிருந்து மட்டுமல்லாமல், வேங்கிக்கால் போன்ற சுற்றூர்களின் வீட்டு மாடிகளிலிருந்தும் அத்தீபத்தைக் காண்கிறோம்.

இக்கதையின் மறுபாதி எல்லாருக்கும் தெரிந்ததே. மேலிருந்து விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைப் பிரம்மா வழியில் சந்தித்தார். முடியைக் கண்டதாகச் சொல்லி அதைச் சாட்சிக்கு அழைத்து வந்தார். பொய் வெளிப்பட்டது. பிரம்மாவுக்குக் கோயில் இல்லை என்றும், தாழம்பூ சிவபூசைக்கு ஆகாது என்றும் சாபம் கிடைத்தது.

ஆனால் எல்லா நூல்களும் இப்படிச் சொல்வதில்லை. லிங்க புராணத்தில் இருவருமே தேடிக் களைத்துத் திரும்பி வணங்குகின்றனர். அங்கே பொய்யும் இல்லை, சாபமும் இல்லை. தேவாரத்தில் திருஞானசம்பந்தர் தம் பதிகங்களின் ஒன்பதாம் பாடலில் வழக்கமாக மாலும் அயனும் தேடியதைக் குறிப்பிடுவார். தேடியும் காண இயலவில்லை என்பதே அப்பாடல்களில் முதன்மைச் செய்தி. அப்பர் தம் இலிங்கபுராணக் குறுந்தொகையில் இருவரின் தோல்விக்கு ஒரு காரணமும் காட்டுகிறார். பூப்பறித்தல், நீர் வார்த்தல் போன்ற எளிய தொண்டுகளைச் செய்யாமல் தம் ஆற்றலை நம்பித் தேடியதே அவர்கள் குறை. மாணிக்கவாசகர் திருவண்ணாமலையில் பாடியதாகக் கருதப்படும் திருவெம்பாவையும் இருவரும் காணாத மலை என இதைப் போற்றுகிறது.

பொய்ச்சாட்சியை விரிவாகச் சொல்வது சிவ புராணத்தின் வித்தியேசுவர சங்கிதை. அதில் பைரவர் பிரம்மாவின் ஐந்தாம் தலையைக் கொய்கிறார். இனி உனக்குக் கோயிலும் இல்லை, திருவிழாவும் இல்லை என்று சிவன் கூறுகிறார். பலரும் இத்தோடு கதையை நிறுத்திவிடுகின்றனர். ஆனால் மூல நூல் நிறுத்தவில்லை. பிரம்மா பணிந்ததும், வேள்விகளுக்குத் தலைமை தாங்கும் உரிமையைச் சிவன் அவருக்கு அளிக்கிறார். தாழம்பூவும் பூசைக்கு ஆகாவிட்டாலும் மேல்விதான அலங்காரத்துக்கு ஆகலாம் என்று மன்னிக்கப்படுகிறது. தண்டனையோடு மறுவாழ்வும் தரப்பட்டது என்பதை நாம் மறந்துவிட்டோம்.

கருவறைச் சுவர் சொல்லும் பாடம்

இக்கதையைக் கல்லில் படிக்க விரும்புவோர் சோழர் காலச் சிவன் கோயில் ஒன்றின் கருவறையை வலம் வந்தால் போதும். கிழக்கு நோக்கிய கோயிலில் முதலில் வருவது தென்சுவர். அங்குள்ள மாடத்தில் தட்சிணாமூர்த்தி அமர்ந்திருப்பார். அவர் காலடியில் இருப்போர் சனகர் முதலிய நால்வர் என்பது மரபு. அவர்கள் பிரம்மாவின் மானச புத்திரர்கள். படைப்புத் தொழிலில் ஈடுபடத் தந்தை பணித்தபோது மறுத்து, ஞானம் நாடி வந்தவர்கள். படைத்தவரின் பிள்ளைகளே அறிவுக்காக வேறோர் ஆசிரியரிடம் வந்து அமர்ந்திருக்கிறார்கள்.

அடுத்து மேற்குச் சுவர். பல கோயில்களில் இங்கே லிங்கோத்பவர் இருப்பார். தீத்தூணின் நடுவே சிவன், மேலே அன்னம், கீழே பன்றி. அன்னத்தின் உருவம் சிறியதாக இருப்பதால் நிமிர்ந்து தேடிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவதாக வடசுவர். இங்கே பிரம்மா செபமாலையும் கமண்டலமும் ஏந்தி நிற்பார். சாபம் பெற்றவராகச் சொல்லப்படும் பிரம்மாவுக்குச் சிவன் கோயிலின் கருவறைச் சுவரிலேயே நிலையான இடம்! பசுபதிகோயிலுக்கு அருகிலுள்ள புள்ளமங்கைக் கோயிலில், முற்காலச் சோழச் சிற்பக் கலையின் சிறப்புக்கு எடுத்துக்காட்டான பிரம்மா சிற்பத்தைக் காணலாம். அத்தலத்து இறைவன் பெயரே பிரம்மபுரீசுவரர்.

முருகனிடம் சிறைப்பட்ட நான்முகன்

அறியாமை பற்றிய மற்றொரு கதை தமிழகத்தில் இன்னும் பரவலானது. கயிலைக்கு வந்த பிரம்மா, அங்கிருந்த முருகனை இளையவன் தானே என்று பொருட்படுத்தாமல் சென்றார். முருகன் அவரை அழைத்துப் பிரணவத்தின் பொருளைக் கேட்டார். வேதத்தை ஓதத் தொடங்குமுன் சொல்லும் ஓம் என்னும் அச்சொல்லுக்கே பிரம்மாவால் பொருள் கூற இயலவில்லை. முருகன் தலையில் குட்டிச் சிறையிலிட்டு, படைப்புத் தொழிலைத் தாமே மேற்கொண்டார். கச்சியப்ப சிவாசாரியரின் கந்தபுராணம் இதை விரித்துரைக்கிறது.

அந்நூல் அரங்கேறிய இடமாகக் கருதப்படும் காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் முருகன் செபமாலையும் கமண்டலமும் ஏந்தி அமர்ந்திருக்கிறார். அவை பிரம்மாவின் அடையாளங்கள். இவ்வடிவத்துக்குப் பிரம்மசாஸ்தா என்று பெயர். மாமல்லபுரம் மும்மூர்த்திக் குடைவரையில் சிவன், திருமால் ஆகியோருடன் உள்ள மூன்றாம் உருவத்தைச் சிலர் பிரம்மா என்றும், வேறு சிலர் பிரம்மசாஸ்தா என்றும் கொள்கின்றனர். அவ்வுருவத்துக்கு ஒரு முகமே இருப்பது பின்னவர் கருத்துக்கு வலுச்சேர்க்கிறது.

வைணவ மரபிலும் இதன் சாயல் உண்டு. மது, கைடபர் என்னும் அசுரர்கள் பிரம்மாவிடமிருந்து வேதங்களைக் கவர்ந்து செல்ல, திருமால் அயக்கிரீவராகி அவற்றை மீட்டுத் தந்தார். படைப்போனின் அறிவு அவருக்கே சொந்தமானதன்று. பிறரால் தரப்பட்டது, இழக்கவும் கூடியது என்பதே இக்கதைகளின் பொதுக்கருத்து.

பௌத்தத்தில் பிரம்மா

பௌத்தம் பிரம்மா இல்லை என்று சொல்லவில்லை. அவர் தம்மைப் படைப்போன் என்று நம்பியது எப்படி என்று விளக்கியது. தீக நிகாயத்தின் முதல் சூத்திரமான பிரம்மஜால சூத்திரத்தில் அவ்விளக்கம் வருகிறது.

உலகம் ஒடுங்கும் காலத்தில் உயிர்கள் பெரும்பாலும் ஆபாஸ்சரம் என்னும் ஒளியுலகில் இருக்கும். மீண்டும் உலகம் விரியும்போது ஆளில்லாத ஒரு பிரம்ம மாளிகை தோன்றும். ஒளியுலகில் புண்ணியம் தீர்ந்த ஓர் உயிர் அங்கே வந்து பிறக்கும். நெடுங்காலம் தனியே இருந்து மனம் சலித்து, வேறு உயிர்களும் வந்தால் நன்றாயிருக்குமே என ஏங்கும். பிறகு, தத்தம் புண்ணியம் தீர்ந்த வேறு உயிர்களும் அங்கே வந்து பிறக்கும். முதலில் வந்தவர், ‘நான் விரும்பினேன், இவர்கள் வந்தார்கள், ஆகவே இவர்களைப் படைத்தவன் நானே’ என்று எண்ணுவார். பின்னால் வந்தவர்களும், தமக்கு முன்பே அவர் இருந்ததைக் கண்டு அதையே நம்புவார்கள். அவர்களுள் ஒருவர் மண்ணுலகில் பிறந்து துறவியாகி, தியானத்தால் அந்த ஒரு முற்பிறவியை மட்டும் நினைவு கூர்வார். பிரம்மா நிலையானவர், நாம் நிலையற்றவர் என்னும் கொள்கை இப்படித்தான் பிறந்தது என்கிறார் புத்தர். இதில் வஞ்சகர் யாரும் இல்லை. தனிமையும், முன்பின் வந்த வரிசையைக் காரண காரியமாகக் கொண்ட பிழையுமே உள்ளன.

பதினோராவதான கேவட்ட சூத்திரம் அண்ணாமலைக் கதையோடு வைத்துப் படிக்கத்தக்கது. நிலம், நீர், தீ, காற்று ஆகிய நான்கும் எங்கே எச்சமின்றி ஒடுங்கும் என்று ஒரு துறவிக்கு ஐயம் எழுகிறது. அவர் தியான ஆற்றலால் தேவருலகம் செல்கிறார். ஒவ்வோர் உலகத்தாரும் தமக்குத் தெரியாது என்று அடுத்த உலகத்தாரிடம் அனுப்புகின்றனர். இறுதியில் மகாபிரம்மாவே ஒளியோடு தோன்றுகிறார். கேள்வியைக் கேட்டதும், தாம் மகாபிரம்மா, எல்லாம் காண்பவர், படைத்தவர், எல்லாருக்கும் தந்தை என்று தம் சிறப்புகளை அடுக்குகிறார். துறவி விடவில்லை. நீங்கள் யார் என்று நான் கேட்கவில்லை, நான்கு பூதங்களும் எங்கே ஒடுங்கும் என்றே கேட்டேன் என்கிறார். மீண்டும் அதே பதில். மீண்டும் அதே கேள்வி. மூன்றாம் முறை பிரம்மா அவர் கையைப் பற்றி ஒருபுறமாக அழைத்துச் செல்கிறார். பிரம்மாவுக்குத் தெரியாதது இல்லை என்று இந்தத் தேவர்கள் நம்புகிறார்கள். அதனால்தான் அவர்கள் முன் சொல்லவில்லை. உண்மையில் எனக்கும் தெரியாது. புத்தரிடம் போய்க் கேளும் என்கிறார்.

துறவி திரும்பி வந்தபோது புத்தர் ஓர் உவமை கூறுகிறார். கடல் வணிகர்கள் கரையறியப் பறவை ஒன்றைக் கொண்டுசெல்வர். அதைப் பறக்க விட்டால் நாற்றிசையும் மேலும் பறந்து, கரை தென்படாவிட்டால் கப்பலுக்கே திரும்பும். தமிழில் குலசேகராழ்வாரும் இப்படிக் கப்பலுக்குத் திரும்பும் பறவையைத் தம் நிலைக்கு உவமையாக்கியுள்ளார். அண்ணாமலையின் அன்னமும் ஒரு பறவைதான். முடி தென்படவில்லை என்று அதுவும் திரும்பியிருக்கலாம். கண்டதாகச் சொன்னதுதான் அதற்கு இழுக்கானது.

பிறப்பால் உயர்வு கோருவோருக்கு மறுமொழி

இந்தக் கேள்வி வெறும் தத்துவ விளையாட்டன்று. படைத்தவனின் எந்த உறுப்பிலிருந்து யார் பிறந்தார் என்பதைக் கொண்டு மக்களை மேல், கீழ் எனப் பிரித்த சமூகத்தில் அது எழுந்தது. தீக நிகாயத்தின் 27ஆம் சூத்திரமான அக்கஞ்ஞ சூத்திரத்தில், பிராமணக் குலத்தில் பிறந்து துறவு நாடி வந்த வாசெட்டன், பாரத்துவாசன் என்னும் இருவரிடம் புத்தர் இதைப் பேசுகிறார். தாங்கள் பிரம்மாவின் வாயில் பிறந்தவர்கள் என்று உங்கள் உறவினர் சொல்கிறார்கள். ஆனால் பிராமணப் பெண்களும் மற்றப் பெண்களைப் போலவே கருவுற்று, ஈன்று, பாலூட்டுவதை யாவரும் காண்கிறோமே என்கிறார்.

பின்னர் அவர் சொல்லும் உலகத் தோற்றக் கதையில் படைப்போன் இல்லை. ஒளியுடல் கொண்ட உயிர்கள் மண்ணின் சுவையை நுகர்ந்து பருவுடல் பெறுகின்றன. நெல் தானாக விளைகிறது. சேமிக்கும் ஆசையால் வரப்பும், வரப்பால் களவும், களவால் தண்டனையும் வருகின்றன. பின்பு மக்கள் கூடித் தம்முள் ஒருவரை மன்னராகத் தேர்ந்தெடுக்கின்றனர். அவருக்கு மகாசம்மதர் என்று பெயர். மக்களால் ஏற்கப்பட்டவர் என்பது பொருள்.

அதே வேளையில் பௌத்தம் பிரம்மாவுக்கு மதிப்பான இடங்களையும் தந்தது. ஞானம் பெற்ற புத்தர் போதிக்கத் தயங்கியபோது, கண்ணில் சிறிதே தூசியுள்ளோர் இவ்வுலகில் உண்டு, அவர்களுக்காகப் போதியுங்கள் என்று வேண்டியவர் சகம்பதி பிரம்மா. காந்தாரச் சிற்பங்களில் புத்தரின் இருபுறமும் பிரம்மாவும் இந்திரனும் கைகூப்பி நிற்பதைக் காணலாம். அன்பு, கருணை, பிறர் மகிழ்ச்சியில் மகிழ்தல், நடுவுநிலை ஆகிய நான்கும் பிரம்ம விகாரங்கள் எனப்பட்டன. பிள்ளைகளை வளர்த்து உலகைக் காட்டும் பெற்றோரே பிரம்மா என்று அங்குத்தர நிகாயம் கூறுகிறது.

மணிமேகலை காட்டும் விவாதம்

தமிழில் இவ்விவாதம் மணிமேகலைக் காப்பியத்தில் பதிவாகியுள்ளது. அதன் 27ஆம் காதையில், வஞ்சி நகரில் மணிமேகலை பல சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்டறிகிறாள். அவர்களுள் ஒருவன் பிரமவாதி. இப்பேருலகம் ஒரு தேவன் இட்ட முட்டை என்பது அவன் கூற்று. பிரம்மாண்டம் என்ற சொல்லின் பொருளை இங்கே நினைவு கூரலாம்.

இறுதிக் காதையில் காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்குப் பௌத்த நெறியை உரைக்கிறார். பன்னிரு சார்புகளின் சங்கிலியாக அது விரிகிறது: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். இச்சங்கிலியின் தலைப்பில் இருப்பது பேதைமை, அதாவது அறியாமை. ‘யார் படைத்தார்’ என்ற கேள்விக்கு மாற்றாக, ‘எதனால் துன்பம் தோன்றுகிறது’ என்ற கேள்வி வைக்கப்படுகிறது.

‘பிரம்மாவுக்குக் கோயில் இல்லை’ என்பது சரியா?

ராஜஸ்தானத்தில் உள்ள புஷ்கரம் தவிர வேறெங்கும் பிரம்மாவுக்குக் கோயில் இல்லை என்று பொது அறிவு நூல்களில் எழுதப்படுவதுண்டு. இது திருத்தப்பட வேண்டிய செய்தி.

செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே உள்ள மண்டகப்பட்டு இதற்கு முதற்சான்று. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் முதலாம் மகேந்திரவர்மன் அங்கே குடைவித்த குடைவரையில் மூன்று கருவறைகள் உள்ளன. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இல்லாமல் பிரம்மா, ஈசுவரன், விஷ்ணு ஆகியோருக்காக விசித்திரசித்தன் என்னும் மன்னன் இக்கோயிலை எடுத்தான் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது. கருவறைகளில் இன்று சிலைகள் இல்லை. ஆனால் கல்வெட்டு, பிரம்மாவை முதலாவதாகப் பெயர் சொல்லி நிற்கிறது.

தஞ்சைக்கு அருகே கண்டியூர், பிரம்மாவின் ஐந்தாம் தலை கொய்யப்பட்ட தலமாக அட்டவீரட்டங்களுள் வைத்து எண்ணப்படுகிறது. அக்கோயிலிலேயே பிரம்மாவும் கலைமகளும் எழுந்தருளியுள்ளனர். திருச்சிக்கு அருகிலுள்ள உத்தமர்கோயிலில் மும்மூர்த்திகளுக்கும் சன்னிதிகள் உண்டு. கும்பகோணத்தில் வேதநாராயணப் பெருமாள் கோயிலையே மக்கள் பிரம்மன் கோயில் என்றழைக்கின்றனர். திருச்சி மாவட்டத் திருப்பட்டூரில் பிரம்மாவின் தனிச்சன்னிதியில் பக்தர்கள் தம் சாதகத்தை வைத்து வழிபடுகின்றனர். தலையெழுத்தை எழுதியவரே அதை மாற்றியும் எழுதுவார் என்பது அவர்கள் நம்பிக்கை.

எனவே, பிரம்மாவை மூலவராகக் கொண்ட தனிக்கோயில்கள் அரிது. அவருக்கு வழிபாடே இல்லை என்பது தவறு. இவ்வாறு எழுதுவதே பொருத்தம். சைவமும் வைணவமும் பெரும் பக்தி இயக்கங்களாக வளர்ந்தன. பிரம்மாவைத் தலைவராகக் கொண்டு அத்தகைய இயக்கம் ஒன்று தமிழகத்தில் எழவில்லை. சாபக் கதையை, நிலவிய இந்த நிலைக்கு மக்கள் கண்ட விளக்கமாகக் கொள்ளலாம்.

கடல் கடந்த நான்முகன்

ஜாவாவில் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த பிரம்பானன் வளாகத்தில் சிவன் கோயிலின் இருபுறமும் பிரம்மாவுக்கும் திருமாலுக்கும் தனிக்கோயில்கள் உள்ளன. மியன்மாரின் பாகன் நகரில் பௌத்தக் கோயில்களுக்கு நடுவே உள்ள நன்பயா கோயிலின் தூண்களில் தாமரை ஏந்திய பிரம்மாவைக் காணலாம். சப்பானில் அவர் பொன்தென் என்னும் பெயரால் பௌத்தக் காவல் தெய்வமானார். கியோத்தோவின் தோஜி கோயிலில் வாத்தினப் பறவைகள் தாங்கும் பீடத்தில் அவர் அமர்ந்திருக்கிறார். நம் அன்னத்தின் நெடும்பயணம் அது.

தாய்லாந்தில் அவர் பெயர் பிரா பிரோம். பாங்காக்கில் 1956இல் நிறுவப்பட்ட எராவன் சன்னிதியில் பௌத்தர்கள் நாள்தோறும் மாலை சார்த்துகின்றனர். வேண்டுதல் நிறைவேறினால் மரத்தாலான யானை உருவங்களைக் காணிக்கையாக வைக்கின்றனர். அவருடைய நான்கு முகங்களுக்கு நான்கு பிரம்ம விகாரங்களைப் பொருளாகச் சொல்வோரும் அங்கு உண்டு. அதே நகரில் அரச குடும்பத்துப் பிராமணர்கள் நடத்தும் திரியம்பவாய்–திரிபவாய் விழாவின் பெயர், திருவெம்பாவை, திருப்பாவை என்பவற்றின் திரிபே. நான்முகனும் காணாத மலை என்று அண்ணாமலையில் பாடிய பாடல், நான்முகனை வணங்கும் நாட்டில் விழாவின் பெயராக வாழ்கிறது.

நிறைவாக

நாசதீய சூக்தம் ஐயப்பட்டது. கேவட்ட சூத்திரத்தின் பிரம்மா தனியே ஒதுங்கி ஒப்புக்கொண்டார். குமரகோட்டத்துப் பிரம்மா விடை சொல்லாமல் விழித்தார். அண்ணாமலைப் பிரம்மா பொய் சொன்னார். இந்த நான்கிலும் அறியாமைக்காக யாரும் இகழப்படவில்லை. முருகனிடம் பட்டது செருக்குக்காக. சிவனிடம் பட்டது பொய்க்காக. பௌத்தத் துறவியிடம் நாணியது, தம்மை நம்பியவர்கள் முன் உண்மையைச் சொல்லத் துணியாததற்காக.

ஆசிரியரைப் பிரம்மாவாகப் போற்றும் சுலோகம் பள்ளி விழாக்களில் ஓதப்படுவது வழக்கம். வகுப்பில் மாணவர் கேட்கும் கேள்விக்கு விடை தெரியாத நாள் எந்த ஆசிரியருக்கும் வரும். அன்று தம் பட்டங்களை அடுக்குவதா, தாழம்பூவைத் தேடுவதா, அல்லது ‘எனக்குத் தெரியவில்லை, நாளை பார்த்து வந்து சொல்கிறேன்’ என்று எல்லார் முன்னிலையிலும் சொல்வதா என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும். மூன்றாவதைச் சொன்ன பிரம்மா எந்தக் கதையிலும் இல்லை.